காசநோய் மாத்திரையும் சூரை மீன் குழம்பும்: நடுவில் நிற்கும் நொதி

உங்க வீட்டில் யாராவது காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? ஒரு நாள் மதியம் அவர் சூரை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்துவிடுகிறது. தலை வலிக்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வாந்தி வருகிறது. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "மாத்திரை ஒத்துக்கலை, நிறுத்திடு." மறுநாளிலிருந்து மாத்திரை அலமாரியிலேயே தூங்கும்.

அங்கேதான் பிரச்சினை. காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம். கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் பரவலாம். ஆனால் மேலே சொன்ன தொந்தரவுக்கு நிறுத்த வேண்டியது மாத்திரையை இல்லை, அந்த மீனைத்தான். அரியாங்குப்பம், வீராம்பட்டினம் மாதிரி மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர்களில் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

மாத்திரைக்கும் மீனுக்கும் நடுவில் நிற்பது நொதி. ஆங்கில வழியில் படித்தவர்கள் என்சைம் என்று சொல்வார்கள். சோறு செரிப்பதும், மாத்திரை வேலை செய்வதும், சில சமயம் வேலை செய்யாமல் போவதும் இதன் கையில்தான் இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம், வாங்க.

நொதி என்ன செய்கிறது?

நொதி என்பது நம் உடல் செய்துகொள்ளும் ஒரு வகைப் புரதம். ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் வேலையைப் பல மடங்கு வேகப்படுத்தும். வேலை முடிந்ததும் தான் தீர்ந்துபோகாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். ஒவ்வொரு நொதிக்கும் தனி வேலை உண்டு. மாவுச்சத்தை உடைக்கும் நொதி கொழுப்பைத் தொடாது.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்க. ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்க. கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரைப்பையில் பெப்சின் புரதத்தை உடைக்கும். அதற்குக் கீழே கணையம் சுரக்கும் நொதிகள் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் கவனித்துக்கொள்ளும்.

பால் குடித்தால் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கு வருகிறதா? பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, தென்னிந்தியாவில் பலருக்கு வளர்ந்த பிறகு குறைந்துவிடுகிறது. அதே ஆள் தயிர் சாப்பிட்டால் பெரும்பாலும் தொந்தரவு வராது. தயிராக உறையும்போதே பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை முடித்துவிடுகின்றன. இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்குவதும் நுண்ணுயிரிகளின் நொதிகள் செய்யும் வேலைதான்.

இவை உணவைக் கவனிக்கும் நொதிகள். இவை தவிர, முக்கியமாகக் கல்லீரலிலும் குடல் சுவரிலும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. உடலுக்குள் வரும் வேற்றுப் பொருள்களை உடைத்து வெளியே அனுப்புவது அவற்றின் பொறுப்பு. நாம் சாப்பிடும் மாத்திரையும் அவற்றுக்கு ஒரு வேற்றுப் பொருள்தான். அந்த நொதி வேகமாக ஓடினால் மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். மெதுவாக ஓடினால் மருந்து உடலில் தேங்கும். ஒரே மாத்திரை ஒருவருக்குப் போதாமலும் இன்னொருவருக்கு அதிகமாகவும் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சூரை மீனில் என்ன நடக்கிறது?

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயல்பாகவே அதிகம். மீன் பிடிபட்ட பிறகு ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்தால், அதில் வளரும் பாக்டீரியாக்கள் தங்கள் நொதியால் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடலே வெளிவிடும் அதே ஹிஸ்டமின்தான் இது. முகம் சிவப்பதும் அரிப்பு வருவதும் அதனால்தான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்க. ஹிஸ்டமின் உண்டான மீன், பார்வைக்கும் வாசனைக்கும் கெட்டதாகத் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. இன்னொன்று, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. வறுத்தாலும் போகாது. கருவாடாக்கினாலும் போகாது.

அப்படியானால் நாம் எல்லோரும் எப்படிச் சூரை சாப்பிடுகிறோம்? நம் குடலில் டையமின் ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. சாப்பாட்டோடு வரும் கொஞ்ச நஞ்ச ஹிஸ்டமினை அது அங்கேயே உடைத்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் இந்த நொதியைத் தடுக்கிறது. காவல் போன குடல் வழியாக ஹிஸ்டமின் நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. வீட்டில் மற்ற நான்கு பேர் அதே குழம்பைச் சாப்பிட்டு நன்றாக இருக்க, மாத்திரை சாப்பிடுபவருக்கு மட்டும் முகம் சிவப்பது இதனால்தான்.

இதை வெளியே கொண்டுவந்தது நம் பக்கத்து நாடு. இலங்கையில் காசநோய் மருத்துவரான சி.ஜி. உரகொட, ஐசோனியாசிட் சாப்பிட்ட நோயாளிகளுக்குச் சில மீன்களைச் சாப்பிட்டதும் இப்படி நடப்பதைக் கவனித்தார். அவரும் கொட்டேகொடவும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1977-இல் வெளியானது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கிருந்து மேலும் கட்டுரைகள் வந்தன. இன்று ஐசோனியாசிட் மருந்தின் குறிப்பேட்டிலேயே சூரை வகை மீன்களைப் பற்றிய எச்சரிக்கை அச்சாகிறது. சீஸ், சிவப்பு ஒயின் இரண்டும் அதே எச்சரிக்கையில் உண்டு. அவற்றில் உள்ள டைரமின் என்ற பொருளை உடைக்கும் வேறொரு நொதியையும் இந்த மருந்து ஓரளவு தடுக்கிறது.

இந்தத் தொந்தரவு எல்லோருக்கும் வராது. வந்தாலும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் மூச்சுத் திணறல், மயக்கம், கடும் வாந்தி என்றால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்க.

"அப்போ மீனே வேண்டாமா?" என்று கேட்கக்கூடாது. காசநோயாளிக்குப் புரதம் கட்டாயம் வேண்டும். அதற்காகத்தான் நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடப்படுகிறது. 2024 நவம்பர் வரை இது 500 ரூபாயாக இருந்தது. சிகிச்சை முடியும்வரை சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, மாசிக் கருவாடு ஆகியவற்றைத் தள்ளி வையுங்க. ஐஸில் வைத்த புது சங்கரா, கிழங்கான், கொடுவா போன்ற வெள்ளைச் சதை மீன்களில் இந்தத் தொல்லை குறைவு. முட்டை, பருப்பு, சுண்டல், பயறு எப்போதும் கைவசம் இருக்கின்றன. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்து, மற்றவர்கள் தடுப்புக்காக ஐசோனியாசிட் சாப்பிட்டாலும் இதே கவனம் தேவை.

மெட்ராஸில் தெரிந்த "மெதுவான" உடல்கள்

ஐசோனியாசிட்டையும் ஒரு நொதிதான் உடைத்து அனுப்புகிறது. அந்த நொதி எவ்வளவு வேகமாக ஓடும் என்பது பெற்றோரிடமிருந்து நமக்கு வருவது. வேகமானவர்களிடம் மருந்தின் பாதி அளவு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். மெதுவானவர்களுக்கு அதற்கு மூன்று மணி நேரம் வரைகூட ஆகும்.

இதை ஆழமாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று சென்னை. 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்திய மையம் அது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. காசநோயாளியை சானடோரியத்தில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியதும் இதே மையம்தான்.

தென்னிந்தியர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஐசோனியாசிட்டை மெதுவாக உடைப்பவர்கள் என்று அங்கே நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. மருந்தின் அளவு கூடும்போது கை, கால் மரத்துப்போதல், எரிச்சல் போன்ற நரம்புத் தொந்தரவுகள் பெரும்பாலும் இவர்களுக்குத்தான் வந்தன. வைட்டமின் பி6, அதாவது பைரிடாக்சின் கொடுத்தால் அதைத் தடுக்கலாம். காசநோய் மாத்திரையோடு ஒரு சின்ன வைட்டமின் மாத்திரையும் தருகிறார்களே, அது இதற்காகத்தான். "சத்து மாத்திரைதானே" என்று அதை ஒதுக்கி வைக்காதீங்க.

ரிஃபாம்பிசின்: நொதியை முடுக்கிவிடும் மருந்து

ஐசோனியாசிட் ஒரு நொதியைத் தடுக்கிறது என்று பார்த்தோம். கூடவே கொடுக்கும் ரிஃபாம்பிசின் செய்வது நேர் எதிரான வேலை. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் மருந்து இதுதான். அந்த நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது கல்லீரலில் பல நொதிகளின் உற்பத்தியை அதிகப்படுத்திவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் இந்த முடுக்கம் முழு அளவுக்கு வந்துவிடும். அதன் பிறகு நீங்க சாப்பிடும் வேறு மருந்துகளும் வேகமாக உடைந்து, உரிய வேலையைச் செய்யாமல் வெளியேறத் தொடங்கும்.

எந்தெந்த மருந்துகள் இதில் அடிபடும்?

• கருத்தடை மாத்திரை. காசநோய் சிகிச்சையில் இருக்கும் பெண்கள் அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. காப்பர் டி, ஆணுறை போன்ற வேறு வழியைச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்க. இதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம்.

• ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், அசெனோகௌமரால். இதய வால்வு மாற்றியவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

• கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற சில சர்க்கரை நோய் மாத்திரைகள். "இத்தனை நாள் கட்டுப்பாட்டில் இருந்த சுகர் திடீர்னு ஏறிடுச்சே" என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

• வலிப்பு மருந்துகள், ஸ்டீராய்டு மாத்திரைகள், எச்.ஐ.வி. மருந்துகளில் சில.

இதற்கெல்லாம் தீர்வு உண்டு. மருத்துவர் அளவை மாற்றுவார், அல்லது வேறு மருந்து தருவார். சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு, நொதிகள் பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் போல ஆகும். அப்போது மற்ற மருந்துகளின் அளவை மறுபடி சரிபார்க்க வேண்டும். கூட்டிய அளவிலேயே தொடர்ந்தால், முன்பு போதாமல் இருந்த மருந்து இப்போது அதிகமாகிவிடும். இந்த இரண்டாவது சரிபார்ப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதய மாத்திரை, கேஸ் மாத்திரை

காசநோய் இல்லாதவர்களுக்கும் இதே நொதிக் கணக்கு உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் பலர் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார்கள். இந்த மாத்திரை வாயில் போடும்போது வேலை செய்யும் நிலையில் இருக்காது. கல்லீரலில் உள்ள சிஒய்பி 2சி19 என்ற நொதி அதை மாற்றிய பிறகுதான் ரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்தாகும். அந்த நொதி மந்தமாக இருப்பவர்களுக்கு மாத்திரையின் பலன் குறையும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் இதைப் பற்றி மருந்தின் குறிப்பேட்டில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்த்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மரில், மருந்தியல் துறைப் பேராசிரியர் சி. ஆதித்தன் குழுவினர் தமிழ் மக்களிடம் இந்த நொதிகளின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். சிஒய்பி 2சி19-இன் மந்தமான வடிவம், ஐரோப்பியர்களைவிட நம்மவர்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது. வெளிநாட்டில் பார்த்து முடிவு செய்த மருந்தளவு இங்கே அப்படியே பொருந்தாமல் போகலாம் என்பதை இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் காட்டுகின்றன.

நாம் அன்றாடம் கவனிக்க வேண்டியது வேறொன்று. "கேஸ் மாத்திரை" என்று நாமே கடையில் கேட்டு வாங்கும் ஒமெப்ரசோல், அதே நொதியைத் தடுக்கும். குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் ஒமெப்ரசோல் சேர்த்துக்கொண்டால் இதய மாத்திரையின் பலன் குறையலாம். வயிற்றெரிச்சல் இருந்தால் சொல்லுங்க, பொருத்தமான வேறு மாத்திரை எழுதித் தருவார்கள். இதைப் படித்துவிட்டு இதய மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீங்க.

பம்பளிமாஸ் முதல் மஞ்சள் காப்ஸ்யூல் வரை

1989-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளரின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தது. மதுவின் சுவை தெரியாமல் இருக்க கிரேப்ஃபுரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. துருவிப் பார்த்தபோது மாட்டியது மது இல்லை, பழச்சாறு. குடல் சுவரில் மருந்தை உடைக்கும் நொதியை அந்தச் சாறு செயலிழக்கச் செய்கிறது. புது நொதி உருவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அதனால் மாத்திரையைக் காலையிலும் சாற்றை மாலையிலும் சாப்பிட்டாலும் தப்பிக்க முடியாது.

கிரேப்ஃபுரூட்டின் நெருங்கிய உறவு நம் பம்பளிமாஸ். இதே வகைப் பொருள்கள் அதிலும் உண்டு. கொலஸ்ட்ராலுக்கு அட்டார்வாஸ்டேட்டின், சிம்வாஸ்டேட்டின், ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பிறகு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவர்கள் இந்த இரண்டு பழங்களைச் சாப்பிடும் முன் மருத்துவரிடம் கேளுங்க. சாதாரண கமலா ஆரஞ்சில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து மிளகும் மஞ்சளும். மஞ்சளில் உள்ள குர்குமின் சாதாரணமாக உடலில் அதிகம் சேராது. கல்லீரலும் குடலும் அதை உடனே மாற்றி அனுப்பிவிடும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். உடலில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கானது. பைப்பரின் நொதிகளைத் தடுத்ததுதான் காரணம். இன்று ஆன்லைனில் விற்கும் பல மஞ்சள் காப்ஸ்யூல்களில் பைப்பரின் சேர்ப்பது இதற்காகத்தான்.

அது தடுக்கும் நொதிகள் குர்குமினை மட்டும் கவனிப்பவை இல்லை. நீங்க சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் அவை உடைக்கின்றன. ரசத்தில் போடும் மிளகை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் செறிவான காப்ஸ்யூலாக எடுப்பது வேறு விஷயம். வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

செரிமான சிரப் எல்லோருக்கும் வேண்டுமா?

விருந்து சாப்பிட்ட மறுநாள் மருந்துக்கடையில் வாங்கும் செரிமான சிரப்பில் பெரும்பாலும் டயஸ்டேஸ், பெப்சின் இருக்கும். சிலவற்றில் பப்பாயின் இருக்கும். பப்பாளிக் காயைக் கீறி எடுக்கும் பாலில் கிடைப்பது பப்பாயின். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு ஏற்ற கோ 2, கோ 5 பப்பாளி ரகங்களையே வெளியிட்டிருக்கிறது.

ஆரோக்கியமான கணையம், சாப்பாட்டுக்கு வேண்டிய நொதியைத் தானே சுரக்கும். எப்போதாவது வயிறு மந்தமாக இருந்தால் மென்று சாப்பிடுவதும், அளவைக் குறைப்பதும், கொஞ்சம் நடப்பதும் போதும். வாரக்கணக்கில் சிரப் குடித்தும் சரியாகவில்லை என்றால், நொதி போதவில்லை என்று நினைக்காமல் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உண்மையிலேயே நொதி தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நாள்பட்ட கணைய அழற்சி, கணைய அறுவை சிகிச்சை போன்றவற்றால் கணைய நொதி குறைந்தவர்களுக்கு மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், எடை குறையும். இவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் கணைய நொதி காப்ஸ்யூல்தான் வழி. அதைச் சாப்பாடு தொடங்கும்போதே எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் மணிகளை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. மேல்பூச்சு உடைந்தால் இரைப்பை அமிலம் நொதியை அழித்துவிடும்.

குடி, புகை: சொல்லாமல் விடும் இரண்டு

மருத்துவர் கேட்டால் பலர் "எப்பவாவதுதான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். ஆனால் இதுவும் நொதி விஷயம்தான். பாரசிட்டமாலின் ஒரு சிறு பகுதியைக் கல்லீரல் நொதி ஒன்று நச்சுப் பொருளாக மாற்றும். சாதாரணமாக உடல் அதை உடனே சமாளித்துவிடும். தொடர்ந்து குடிப்பவரிடம் அந்த நொதி அதிகமாகவும், சமாளிக்கும் சக்தி குறைவாகவும் இருக்கும். அதனால் அவருக்குக் கல்லீரல் பாதிப்பு சீக்கிரம் வரலாம். குடித்த மறுநாள் தலைவலிக்கு மாத்திரை மேல் மாத்திரை போடும் பழக்கத்தை விடுங்க. மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களிலும், முடிந்து மூன்று நாட்கள் வரையும் மது கூடாது என்று அதன் குறிப்பேடு சொல்கிறது.

காசநோய் மாத்திரைகளே கல்லீரலுக்குச் சுமை. அதோடு மது சேர்ந்தால் ஆபத்து கூடும். கண் மஞ்சளாவது, பசியே இல்லாமல் போவது, தொடர் வாந்தி, வலது பக்கம் மேல் வயிற்றில் வலி இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க.

புகை, மருந்தை உடைக்கும் ஒரு நொதியை அதிகப்படுத்துகிறது. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிடும் ஒருவர் புகைப்பதை நிறுத்தினால், அது நல்ல காரியம்தான். ஆனால் நொதி குறைந்து ரத்தத்தில் மருந்து அளவு ஏறலாம். நிறுத்தியதை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார்.

போனை எடுங்க, இதைச் செய்யுங்க

1. நீங்க சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரே ஆல்பத்தில் படம் எடுத்து வையுங்க. மாத்திரை அட்டையின் பின்பக்கம், சிரப் லேபிள், ஆன்லைனில் வாங்கிய காப்ஸ்யூல், சித்த, ஆயுர்வேத மருந்து எல்லாம் அதில் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஜிப்மருக்கோ போகும்போது அந்த ஆல்பத்தைக் காட்டினால் போதும்.

2. புது மாத்திரை தரும்போது மூன்று கேள்வி கேளுங்க: "இப்போ சாப்பிடுற மருந்தோட சேருமா? சாப்பாட்டுல எதைத் தவிர்க்கணும்? சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

3. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிச் சாப்பிடுவதும் அதில் சேரும்.

4. சத்து மாத்திரை டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 14 இலக்க உரிம எண்ணைப் பாருங்க. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். "நோயைக் குணமாக்கும்" என்று போட்டிருந்தால் வாங்காதீங்க.

5. மருந்தால் பக்கவிளைவு வந்ததாகச் சந்தேகமா? 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் வேலை நாட்களில் தெரிவிக்கலாம். இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் இது. நோயாளியோ குடும்பத்தினரோ யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஜிப்மரிலும் இதற்கான கண்காணிப்பு மையம் இருக்கிறது.

6. காசநோய் பற்றிய சந்தேகங்களுக்கு 1800-11-6666. நேரில் போக முடியாத நாளில் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே அரசு மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம்.

7. மீன் வாங்கும்போது ஐஸில் இருந்ததா என்று பாருங்க. வீட்டுக்கு வந்ததும் கழுவி உடனே ஃபிரிட்ஜில் வையுங்க. மதியம் வாங்கிய மீனை சாயங்காலம் வரை வெளியே வைக்க வேண்டாம்.

காசநோய் மாத்திரை சாப்பிடும் ஒருவர் உங்க தெருவில் இருந்தால் இந்தக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. மீன் வாங்கிச் சமைப்பவருக்கும் சேர்த்து அனுப்புங்க. மாத்திரை ஒத்துக்கவில்லை என்று தோன்றினால், அன்று என்ன சாப்பிட்டார்கள் என்பதை முதலில் யோசித்து, சுகாதார நிலையத்தில் சொல்லச் சொல்லுங்க. ஆறு மாத மாத்திரை ஒரு நாளும் தவறாமல் முடியட்டும். சூரை மீன் குழம்பு எங்கேயும் போய்விடாது, சிகிச்சை முடிந்து மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு தாராளமாகச் சாப்பிடலாம்.